இரண்டு துறைமுகங்கள், ஒரே பெயர்: அந்தமான் குடியேற்றத்துக்கு இடம் தேடிய முறை, 1788–1858

அந்தமான் தீவுகளில் குடியேற்றம் அமைக்க ஆங்கிலேயர் இருமுறை இடம் தேடினார்கள். 1788 இறுதியில் புறப்பட்ட ஆர்ச்சிபால்டு பிளேர் கரைகளை அளந்து, தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தைத் தேர்ந்தார். 1857 இறுதியில் பிரடெரிக் மௌவட் தலைமையிலான மூவர் குழுவும் அதே துறைமுகத்தைத்தான் தேர்ந்தது. இடையில், 1792இல், குடியேற்றம் வடகிழக்கிலுள்ள இன்னொரு துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் மிகுந்து 1796இல் கைவிடப்பட்டது. இவ்வளவும் எல்லோரும் அறிந்த செய்தி. இந்தச் செய்திகளைக் கோத்து எழுதப்பட்ட கதையோடுதான் எனக்கு வழக்கு.

அந்தக் கதை மாரிஸ் விடால் போர்ட்மனின் நூல் வழியாக நிலைபெற்றது. 1879இல் அந்தமானுக்கு வந்து, அந்தமானியர்களுக்குப் பொறுப்பான அதிகாரியாக நெடுங்காலம் இருந்த போர்ட்மன் 1899இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். பழைய அரசுக் கடிதங்களைப் பக்கம் பக்கமாக எடுத்துப் பதிப்பித்த பேருழைப்பு அது. இன்றுவரை இத்தீவுகளின் 18ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தொடாமல் எழுதுவதில்லை. ஆனால் கடிதங்கள் அங்கே நிற்கும் வரிசையில் படித்துக்கொண்டு போகும் வாசகருக்குள் ஒரு முடிவு தானாகவே உருவாகிவிடுகிறது: பிளேர் கண்டதே சரியான இடம், கடற்படைத் தளபதியின் விருப்பத்துக்காக அது கைவிடப்பட்டது, நோய் அந்தத் தவற்றை வெளிப்படுத்தியது, 1858 அதைத் திருத்தியது. பின்வந்த அரசிதழ் விவரணங்களும் ஊர் வரலாறுகளும் இந்த நான்கு படிகளில்தான் ஏறி இறங்குகின்றன.

என் மறுப்பு நான்காம் படியில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறது. 1858இன் தேர்வு 1789இன் தேர்வை மெய்ப்பிக்கவில்லை. இரண்டு தேடல்களும் ஒரே இடத்தில் முடிந்தாலும் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 1792இன் மாற்றமும் அதன் கேள்விக்குள் வைத்துப் பார்த்தால் தவறாகத் தெரிவதில்லை. இதைக் காட்டுவதற்கு, நிபந்தனைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகருக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டு போதும். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வாரிய உறுப்பினருக்குச் சொல்லப்படுபவை எல்லாம் நிபந்தனைகள்: கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. நிபந்தனையைக் கடந்தவர்களுக்குள் இவர் மேல், அவர் கீழ் என்ற விருப்பவரிசை அங்கே கிடையாது, குடவோலை தீர்மானிக்கும். அந்தமானில் இடம் தேடியவர்களுக்குக் குடவோலை இல்லை. கப்பல் நிற்கக்கூடிய ஆழம், குடிநீர், சதுப்பில்லாத மேட்டுநிலம் ஆகிய நிபந்தனைகளைக் கடந்த இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுக்க விருப்பவரிசை தேவைப்பட்டது. அந்த வரிசையை யார் வகுத்தார் என்பதே என் கேள்வி.

1789இன் நோக்கத்தைச் சோழமண்டலக் கரையிலிருந்து பார்த்தால்தான் புரியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சென்னைத் துறையில் பெரிய கப்பல்கள் நிற்க முடியாது. அது திறந்த கடல். செயற்கைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கட்டப்பட்டது. வங்கக் கடலில் ஒரு பெரிய போர்க்கப்பல் படை ஒதுங்கவும் பழுது பார்க்கவும் ஏற்ற இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. அதை 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் கைப்பற்றியபோது ஆங்கிலக் கப்பற்படை பழுதுபார்க்கப் பம்பாய்வரை ஓட வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் திருகோணமலை டச்சுக்காரர் கைக்கே திரும்பிப் போனது. அந்தமானில் துறைமுகம் தேடியதற்குப் பின்னால் இந்தக் காயம் இருக்கிறது. உடைந்த கப்பலின் மாலுமிகளுக்குப் புகலிடம், மலாய்க் கொள்ளையரைத் தடுப்பது ஆகியவையும் சொல்லப்பட்டன. சிறை என்பது அந்தப் பட்டியலில் முதன்மையானதாக இல்லை. கைதிகளை அனுப்பும் வழக்கம் வடக்கே மாறிய பிறகுதான், 1793 வாக்கில், வேர்பிடித்தது.

தேடியவர்களின் தொழிலும் இதையே சொல்கிறது. பிளேர் பம்பாய்க் கடற்படைப் பிரிவின் அளவையாளர். உடன் சென்ற ராபர்ட் ஹைடு கோல்புருக் ராணுவ அளவையாளர். பின்னாளில் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். வேலை ஆழம் பார்ப்பது, கரை வரைவது. 1789 இலையுதிர் காலத்தில் சாத்தம் தீவில் குடியேற்றம் தொடங்கியது. துறைமுகத்துக்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயரிட்டார்கள்.

பிறகு விருப்பவரிசையின் உச்சியில் இருந்தவரே வந்து பார்த்தார். ஆளுநர் தலைவர் கார்ன்வாலிஸ் பிரபுவின் தம்பி, கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதி கமடோர் வில்லியம் கார்ன்வாலிஸ், வடகிழக்குத் துறைமுகமே போர்க்கப்பல்களுக்கு மேலானது என்று கருதினார். எந்த நாளில் அவர் கருத்து அரசின் முடிவாக மாறியது என்பதை நான் அறுதியிடப் போவதில்லை. 1789 இறுதிக்கும் 1792 இறுதிக்கும் இடைப்பட்டது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். குடியேற்றம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வடக்கே, இன்றைய திக்லிப்பூர் வட்டாரத்துக்குப் போனது. 1793இல் மேஜர் அலெக்சாண்டர் கிட் பொறுப்பேற்றார்.

இங்கேதான் சான்றுகளைப் படிப்பதில் ஒரு பெருஞ்சிக்கல் முளைக்கிறது. அதற்கு உரிய கவனம் கொடுக்கப்படவில்லை என்பது என் குறை. குடியேற்றம் மாறியபோது பெயரும் கூடவே போனது. புதிய இடமும் போர்ட் கார்ன்வாலிஸ். அங்கும் குடியேறியது ஒரு தீவில். அதன் பெயரும் சாத்தம். பழைய இடம் ‘பழைய துறைமுகம்’ என்று மட்டும் சுட்டப்பட்டு, 1858இல் போர்ட் பிளேர் ஆயிற்று. 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஆக, 1790இல் எழுதிய ஒரு கடிதத்தில் ‘போர்ட் கார்ன்வாலிஸ், சாத்தம் தீவு’ என்று இருந்தால் அது தெற்கு. 1794இல் அதே இரண்டு பெயர்களும் இருந்தால் அது வடக்கு. இடைப்பட்ட மாதங்களில் தேதி மங்கிய, அல்லது பின்னர் படியெடுத்த ஓர் ஓலையைப் படிப்பவர் எந்த நிலத்தில் நிற்கிறார் என்பதைப் பெயரால் அறிய முடியாது. கிணறு, ஓடை, குன்று, காற்றுத் திசை போன்ற உட்சான்று வேண்டும்.

கோல்புருக் எழுதிய ‘அந்தமான் தீவுகள்’ கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1795இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ நான்காம் தொகுதியில் அச்சானது. அளவை செய்தது 1789 முதல். அச்சானது மாற்றத்துக்குப் பிறகு. அதில் ஒரு மழைக் கணக்கு வருகிறது: ஏழு மாதத்தில் 98 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,490 மில்லிமீட்டர். மற்ற நாடுகளில் கேட்டறியாத மழை என்ற வியப்போடு அது தரப்படுகிறது. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, ‘போர்ட் கார்ன்வாலிஸின் கொடிய மழை’ என்று வடக்குத் துறைமுகத்தின் கணக்கில் எழுதுவது எளிது. நோய்க்குக் காரணமும் கிடைத்துவிடும். நான் அப்படி எழுதத் துணியமாட்டேன். முதலாவது, இந்தப் பெயர் எந்தத் துறைமுகத்தைச் சுட்டுகிறது என்று முடிவுகட்டாமல் எண்ணை நகர்த்தக் கூடாது. இரண்டாவது, எந்தத் துறைமுகத்து மழையாக இருந்தாலும் அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தின் சராசரி ஆண்டு மழையே 3,000 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கிறது. மே முதல் நவம்பர் வரையிலான ஏழு மாதத்தில் 98 அங்குலம் தெற்கிலும் பெய்யும், வடக்கிலும் பெய்யும். மழையை வைத்து பிளேரின் இடம் ‘நலமானது’ என்றும் கமடோரின் இடம் ‘நலமற்றது’ என்றும் தரம் பிரிக்க முடியாது. சதுப்பின் பரப்பை வைத்துப் பிரிக்கலாம், காடு வெட்டிய அளவை வைத்துப் பிரிக்கலாம், குடியேறியவர்களின் எண்ணிக்கையை வைத்தும் பிரிக்கலாம். 1789இல் சிறிய கூட்டம். வடக்கே கைவிடும்போது ஏறத்தாழ 270 கைதிகளும் 550 குடியேறிகளும். ஆள் பெருகப் பெருக நோயும் பெருகும் என்ற எளிய காரணத்தை விலக்காமல் இரண்டு நிலங்களை ஒப்பிட்டது ஒப்பீடே ஆகாது.

அடுத்து 1796. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிறந்த ஆணை மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. எடுத்தாளப்படும் பகுதியில் நோயும் சாவும் முதலில் வருகின்றன. குடியேற்றத்தை நடத்தும் செலவும், அப்போதைய நிலைமையில் பொருள்களைக் கப்பலில் கொண்டுசேர்க்கும் தொல்லையும் அடுத்து வருகின்றன. மனித நேயமும் சிக்கனமும் கருதி விலகுவதாக அது முடிகிறது. போர்ட்மன்வழி வாசிப்பு முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கோ ‘அப்போதைய நிலைமை’ என்ற இடத்தைத் தாண்ட மனம் வரவில்லை. 1793 முதல் பிரான்சோடு போர். கப்பல் கிடைப்பது அரிது. அந்தப் போரிலேதான் 1795 ஆகஸ்டில், தளபதி பீட்டர் ரெய்னியரின் கப்பல்களும் கர்னல் ஸ்டூவர்ட்டின் படையும் திருகோணமலையைக் கைப்பற்றின.

நோய் 1793 முதலே இருந்தது. விலகல் ஆணை திருகோணமலை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வருகிறது. வங்கக் கடலில் போர்க்கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும் என்ற முதல் விருப்பத்துக்கு, அந்தமானில் எந்த இடமும் தர முடியாத ஒரு விடை, தேடிய பரப்புக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வடக்குத் துறைமுகத்தின் ஆழமும் அகலமும் விலைபெறாச் சரக்கு; எஞ்சியது செலவும் சாவும் மட்டும். இரண்டு ஆண்டுகளாகப் பொறுத்துக்கொள்ளப்பட்ட நோய் திடீரென்று பொறுக்க முடியாததாக ஆனதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

இதற்கு நேரடியான ஆவணச் சான்றை நான் முன்வைக்கவில்லை. என் வாதம் காலவரிசையின் மேல் நிற்கிறது. எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கார்ன்வாலிஸ் பிரபு 1793இல் இந்தியாவை விட்டுப் போனார். தம்பியும் அடுத்து நாடு திரும்பினார். 1796இல் ஆளுநர் தலைவர் சர் ஜான் ஷோர். வடக்குத் துறைமுகத்தை விரும்பியவர்களே போய்விட்ட பின் அதற்கு வாதாட ஆளில்லை என்று ஒருவர் சொன்னால், திருகோணமலையைத் தொடாமலேயே 1796ஐ விளக்கிவிடலாம். இந்த இரண்டு விளக்கங்களையும் பிரித்தெடுக்க இப்போது என்னிடம் வழியில்லை. ஆனால் இரண்டுமே விருப்பவரிசை மாறியதைத்தான் காரணமாகச் சொல்கின்றன. நிலம் கெட்டது என்ற காரணத்தை இரண்டும் பின்னுக்குத் தள்ளுகின்றன. 1824இல் முதல் பர்மியப் போருக்குப் புறப்பட்ட கப்பற்படை கூடும் இடமாகக் குறித்தது இதே வடக்குப் போர்ட் கார்ன்வாலிஸைத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பல் கூடுவதற்கு அது அப்போதும் நல்ல இடமாகவே இருந்தது.

1857க்கு வருவோம். கிளர்ச்சியில் பிடிபட்டவர்களால் சிறைகள் நிரம்பி வழிந்தன. நவம்பரில் அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் மௌவட் மருத்துவர், வங்காளச் சிறைகளின் மேற்பார்வையாளர். பிளேஃபேர் மருத்துவர். மூன்றாமவர் ஹீத்கோட் மட்டும் கடற்படையினர். 1858 மார்ச் 10 அன்று முதல் 200 கைதிகளோடு வந்திறங்கிய ஜே.பி. வாக்கரும் மருத்துவர், ஆக்ரா சிறையை நடத்தியவர். 1789இல் ஆழம் பார்ப்பவர்கள் தேடினார்கள். 1857இல் நாடி பார்ப்பவர்கள் தேடினார்கள். குழுவின் உறுப்பினர் பட்டியலே விருப்பவரிசை.

குழு ‘புளூட்டோ’ என்ற நீராவிக் கப்பலில் சென்றது. பாய்மரத்தைப் போலக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் முழுவதும் துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் பார்த்தார்கள். வடக்குத் துறைமுகத்தைச் சதுப்பும் பழைய சாவுக் கணக்கும் விலக்கின. பழைய துறைமுகம் தேறியது. 1858 சனவரி 22 அன்று கேப்டன் ஹென்றி மேன் கொடி ஏற்றிவிட்டார். அறிக்கையும் சார்ந்த ஆவணங்களும் 1859இல் கல்கத்தாவில் அச்சாயின.

இந்த வேகத்தை விளங்கிக்கொள்ள இன்றைய கணினியியலில் ஒரு கருவி உண்டு. 2004இல் கிரெய்க் பூட்டிலியே, ரோனன் பிராஃப்மன், கார்மெல் டோம்ஷ்லாக், ஹோல்கர் ஹூஸ், டேவிட் பூல் ஆகியோர் நிபந்தனைசார் விருப்ப வலைகளைக் கொண்டு, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உகந்த தீர்வைத் தேடும் முறையை விரித்தெழுதினார்கள். அதன் சாரம் இது. ஒரு கூறின் மேலுள்ள விருப்பம் இன்னொரு கூறின் மதிப்பைப் பொறுத்து மாறலாம்: கடற்படைத் தளம் என்றால் அகன்ற நுழைவாயில் நல்லது, சிறை என்றால் சுற்றிலும் நீர் சூழ்ந்த சிறு தீவு நல்லது. எந்தக் கூறு மற்றவற்றை ஆள்கிறதோ அதை முதலில் நிரப்ப வேண்டும். பிறகு அதைச் சார்ந்தவற்றை, ஒவ்வொன்றிலும் மிக விரும்பியதிலிருந்து தொடங்கி, வரிசையாக நிரப்ப வேண்டும். நிபந்தனை உடையும் கிளையை அங்கேயே வெட்டிவிட வேண்டும். இப்படிப் போனால் முதலில் கிடைக்கும் முழுத் தீர்வை, நிபந்தனைக்கு உட்பட்ட வேறு எந்தத் தீர்வும் விஞ்சாது என்று நிறுவ முடியும். ஆகவே ஒரே ஒரு நல்ல தீர்வு போதும் என்பவர், கிடைத்த தீர்வுகளை இரண்டிரண்டாக வைத்து ஒப்பிடவே வேண்டியதில்லை. அப்படி ஒப்பிடுவதுதான் இவ்வகை வலைகளில் மிகக் கடினமான கணக்கு. விஞ்சப்படாத தீர்வுகள் எல்லாமும் வேண்டும் என்பவரே அதில் இறங்க வேண்டும்.

மௌவட் குழு இந்தக் கணிதத்தை அறிந்து செய்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நடந்த வழி இந்த வடிவில் இருக்கிறது. அதனால் எந்த ஒப்பீடு நடந்தது, எது நடக்கவே இல்லை என்று கேட்க முடிகிறது. சிறை என்ற வேர் நிலைத்த பின் உடல்நலம், நீர், காவல் என்று இறங்கியவர்கள், தேறிய இடத்தில் நின்றுவிட்டார்கள். பழைய துறைமுகத்தை வடக்குத் துறைமுகத்தோடு எல்லாக் கூறுகளிலும் தராசில் வைத்து நிறுக்கவில்லை. வடக்கு ஒரு கிளையில் வெட்டுப்பட்டது, அவ்வளவே. வெட்டப்பட்ட கிளை எல்லா நோக்கங்களுக்கும் தாழ்ந்தது என்ற முடிவைக் குழு எடுக்கவில்லை. அதைப் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் எடுத்தார்கள்.

தேறிய இடமாவது உடல்நலத்தில் தேறியதா? வாக்கர் முதலில் சாத்தம் தீவில் இறங்கினார், குடிநீர் போதவில்லை, ராஸ் தீவுக்கு மாறினார். சூன் நடுவில் எடுத்த கணக்கின்படி வந்த கைதிகள் 773. மருத்துவமனையில் இறந்தோர் 64. தப்பியோடிப் பிடிபடாதோர் 140. தூக்கிலிடப்பட்டோர் 87. தற்கொலை 1. எஞ்சியோர் 481. தப்பிப் பிடிபட்ட மனிதர்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்ட கணக்கு அது. எண்களாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அதைத் தனியே வைத்துவிட்டு நோயை மட்டும் பார்த்தாலும், மூன்று மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில், மழை தொடங்கி முற்றாத நிலையில், நூற்றுக்கு எட்டுப் பேர். கைதிகள் வெவ்வேறு நாள்களில் வந்தார்கள் என்பதால் இதை ஆண்டுக் கணக்காகப் பெருக்குவது சரியில்லை. ஆனாலும் ‘பிளேரின் நலமான இடம்’ என்ற சொற்றொடர் இந்த அட்டவணைக்குப் பக்கத்தில் நிற்காது. இந்த எண்களும் போர்ட்மன்வழியாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன. போர்ட் பிளேரிலேயே வாழ்ந்து எழுதியவருக்கு அந்தத் துறைமுகம் தீவுகளின் இயல்பான நடுவாகத் தோன்றியிருக்கலாம் என்று கருதுகிறேன்.

நிபந்தனைகளிலும் ஒன்று பேசப்படாமலே இருக்கிறது. நன்கவுரித் துறைமுகம் நாற்புறமும் நிலம் சூழ்ந்தது. நிக்கோபாரில் இருந்தாலும் கப்பலுக்கு அந்தமானின் எந்தத் துறைமுகத்துக்கும் இளைத்ததல்ல. 1857இல் அது தேடலுக்குள் வர வழியில்லை. நிக்கோபார் மேல் டென்மார்க்கின் உரிமை 1868 வரை முறைப்படி நீங்கவில்லை. உரிமை நீங்கிய மறு ஆண்டே, 1869இல், ஆங்கிலேயர் நிக்கோபாரை எடுத்துக்கொண்டு நன்கவுரியில் கைதிகள் குடியேற்றம் ஒன்றை அமைத்தார்கள். அதன் நோக்கமோ மூன்றாவது வகை: அந்தக் கடலில் கப்பல் கொள்ளையை ஒடுக்குவது. 1888இல் அதையும் மூடினார்கள். நன்கவுரி ஏன் மூடப்பட்டது என்ற கேள்விக்கும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லை விடையாக எழுதிப் பழகிவிட்டோம். கொள்ளை ஒடுங்கிய ஆண்டையும் காய்ச்சல் மிகுந்த ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே அதை ஏற்கலாம். 1796 ஆணைக்கும் அதே சோதனையைத்தான் கேட்கிறேன்: 1795 ஆகஸ்டுக்கும் 1796 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட வங்காள அரசின் கலந்தாய்வுப் பதிவுகளில், அந்தமானும் திருகோணமலையும் ஒரே தாளில் வரும் ஒரு வரி கிடைத்தால் என் வாதம் உறுதிப்படும், அந்தப் பதிவுகள் முழுவதும் காய்ச்சலை மட்டுமே பேசினால், 1796ஐப் பொறுத்தவரை போர்ட்மன்வழி வாசிப்பே நிற்கும்.